மூன்றாவது இமை

சல்மாபாத் பட்டறைக்குப் பின்னால்
ஆக்சிஜன் சிலிண்டர்களின் நிழலில்
மூன்று குட்டி போட்டது அந்தச் சாம்பல் பூனை.
பெயர் யோசிக்க நேரமில்லை,
கையிலிருந்த வெல்டிங் ராடுகளின் எண்ணையே வைத்தோம்:
அறுபது பத்து, அறுபது பதிமூன்று, எழுபது பதினெட்டு.

பத்தாம் நாள் இரண்டுக்குக் கண் திறந்தது.
எழுபது பதினெட்டுக்கு இல்லை.
மூடிய இமைக்கடியில் ஏதோ பருத்திருந்தது,
உள்ளே ஒரு பட்டாணியை வைத்துத் தைத்ததுபோல்.
"சிலது லேட்டாத் திறக்கும்" என்றான் இருளப்பன்.
நானும் நம்பினேன்,
ஷிப்ட் முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது.
திறக்காத இமைக்குள்ளும் சீழ் கட்டும் என்று
தெரிந்தபோது
அது இல்லை.

பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன்.

அறுபது பதிமூன்று இடது கண்ணைச் சுருக்கியது.
வெயிலுக்கு என்றால் இரண்டும் அல்லவா சுருங்கும்?
தும்மியது. முன்னங்காலால் கண்ணைத் தேய்த்தது.
முதல் நாள் வெறும் நீர்,
மூன்றாம் நாள் மஞ்சள்,
அதற்கடுத்த காலை
பசை காய்ந்ததுபோல் இமை ஒட்டிக் கிடந்தது.
வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து
மூக்கோரத்திலிருந்து வெளியே, மெல்ல,
ஒரு கண்ணுக்கு வைத்ததை மறு கண்ணுக்கு வைக்காமல்.
இமை பிரிந்தது.
உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல்
பாதி ஷட்டர் இறக்கிய கடைபோல்
கண்ணை மறைத்து நின்றது.
பூனைக்கு மூன்று இமை என்பதே
அன்றுதான் தெரியும் எனக்கு.
நன்றாக இருக்கும் பூனை அதை வெளியே காட்டாதாம்.

வலி எனக்குத் தெரியும்.
மாஸ்க் இறக்குமுன் தெறித்த ஒளி
நள்ளிரவில் வந்து
இரண்டு கண்ணிலும் மணலைக் கொதிக்கவைக்கும்.
உருளைக்கிழங்கு வில்லையைக் கட்டிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்போம்.
அதற்கென்றே ஃப்ரிட்ஜ் கதவில்
பத்துப் பேருக்கும் பொதுவாய் ஒரு சொட்டு மருந்து.
வாங்கியது யாரென்று யாருக்கும் தெரியாது,
சீட்டில்லாமல் தரும் கடை எல்லோருக்கும் தெரியும்.
இருளப்பன் அதைத்தான் எடுத்து வந்தான்.
மூடியைத் திருகியும்விட்டான்.
ஏன் தடுத்தேனோ.

வெள்ளிக்கிழமை. ரோமெல்லின் வண்டி. பதினெட்டு தினார்.
டாக்டர் நெர்மீன்
ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை நனைத்துக்
கண்ணோரம் தொட்டார்.
அறை விளக்கை அணைத்து நீல ஒளியைக் கொண்டுவந்தார்.
கருவிழியில் ஒரு கீறல்
பச்சையாய் எரிந்தது.
நாள் முழுக்க மாஸ்க் கண்ணாடிக்குள்
நான் பார்க்கும் அதே பச்சை,
கடுகளவில்.

"எதுவும் விட்டீர்களா?"
பையிலிருந்து குப்பியைக் காட்டினேன்.
லேபிளை இரண்டு முறை படித்தார்.
"ஸ்டீராய்டு. புண்மேல் விழுந்தால்
கருவிழியே ஓட்டையாகலாம்" என்றார்.
குப்பியைத் திருப்பித் தராமல் கேட்டார்:
"இது யாருடையது?"

அறையில் ஏச்சு விழுந்தது.
"பூனைக்காக மனுஷன் மருந்தை
டாக்டரம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கான்."
நான் வாய் திறக்கவில்லை.
ஒரு நாளைக்கு நாலு வேளை, பதினாறு நாள்,
துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரிய
களிம்பு போட்டேன்.
கையெல்லாம் நகக்கீறல்.
புண் ஆறிவிட்டது.
கருவிழியில் நீலமாய் ஒரு புகை
நின்றது, போகாது.
அந்தப் பக்கமிருந்து வரும் பந்தை மட்டும்
சற்றுத் தாமதமாய்ப் பிடிக்கிறது.

நேற்று இரவு எனக்கே அடித்தது.
தடவிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
நாலு முட்டை, அரை எலுமிச்சை,
என் கையெழுத்தில் "6013" என்று எழுதிய களிம்பு.
மூடிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஃபோர்மேனிடம் சொன்னேன்,
கண் டாக்டரிடம் போகணும், அரை நாள் லீவு வேணும் என்று.

"எந்தக் குட்டிக்கு?" என்றார்.